கம்பு எந்தக் கையில, மருமகனே?

வா மருமகனே, வா. திண்ணை ஏற ஒரு கை தூணைப் பிடிக்குது, இன்னொரு கை உன் தாத்தன் கம்பைப் பிடிக்குது. உனக்கு வயசு நாப்பத்திரண்டு, எனக்கு எழுவத்தெட்டு. பாக்குறவன் உன்னையத்தான் எனக்கு மாமன்னு நெனைப்பான்.

இடுப்பு வலி மாமா, வருது போகுது, வருது போகுதுங்குற. அதென்ன டவுன் பஸ்ஸா? எந்த எடம்னு ஒத்தை விரலால தொட்டுக் காட்டுன்னேன். நீ என்னடான்னா உள்ளங்கையை அகல விரிச்சு முதுகு, குண்டி, தொடை எல்லாத்தையும் ஒரு தடவு தடவிக் காட்டுற. தாசில்தார்கிட்டப் போயி, ‘ஐயா, எனக்கு நெலம் அங்கிட்டு எங்கிட்டோ இருக்கு, பட்டா குடுங்க’ன்னா குடுப்பாரா? சர்வே நம்பர் சொல்லணும்ல.

நம்ம ஊர்ல இதுதான் தொல்லை. நெஞ்சுக்குக் கீழ, முழங்காலுக்கு மேல எங்க வலிச்சாலும் ‘இடுப்பு’ன்னு ஒரே பேரு. இடுப்பு மூட்டு நீ பெல்ட் போடுற எடத்துல இல்லடா. தொடை இடுக்குக்கு உள்ளாற, ஆழத்துல கெடக்கு. உன் அத்தை மாவாட்டுறதைப் பாத்திருக்கியே, ஆட்டுரல் குழியில குழவி உருளும்ல, அதே சங்கதிதான். இடுப்பெலும்புல குழி, தொடையெலும்பு உச்சியில உருண்டை, ரெண்டுக்கும் மேல வழுவழுன்னு குருத்தெலும்பு. அது தேஞ்சா வலி முன்பக்கம் தொடை இடுக்குலதான் பெரும்பாலும் வரும். சம்மணம் போட முடியாது. கால் நகம் வெட்டக் குனிஞ்சா உசுரு போகும். சில பேருக்கு முழங்கால்ல மட்டும் காட்டும். முழங்காலுக்கு ஆறு மாசம் தைலம் தேய்ச்சு, தைலக்காரன் மாடி வீடு கட்டுனதுக்கப்புறம்தான் கோளாறு இடுப்பு மூட்டுலன்னு தெரிய வரும்.

பின்பக்கம் குண்டியில கிளம்பி, காலோட கீழ வரைக்கும் மின்னல் மாதிரி இறங்குச்சுன்னா முதுகெலும்பைப் பாக்கணும். நரம்பு நசுங்குற கேசு அது. உன்னைய மாதிரி பேன்ட் பின்பாக்கெட்டுல செங்கல் தண்டி பர்ஸை வச்சு அது மேலயே உக்காந்து வண்டி ஓட்டுறவனுக்கும் அங்க வலிக்கும். எடு அதை, பாப்போம். பணம் எழுவது ரூபா. மிச்சமெல்லாம் ஏடிஎம் சீட்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸு, தேதி முடிஞ்ச லாட்ஜ் ரசீது. ரசீதைப் பத்தி நான் கேக்கல, உன் பொண்டாட்டி கேப்பா.

சரி, கடைசியா விரலை எங்க வச்ச? வலது பக்கம், வெளிப்புறம், கைக்குத் தட்டுப்படுற அந்தக் கெட்டி எலும்பு மேல. ராத்திரி அந்தப் பக்கம் ஒருச்சாஞ்சு படுத்தா எழுப்பிவிடுதா? மாடிப்படி ஏறுனா சுள்ளுங்குதா? அப்ப அந்த எலும்புல வந்து ஒட்டுற தசைநாரு நைஞ்சிருக்கு. முந்தியெல்லாம் அங்க இருக்கிற நீர்ப்பை வீங்கிருச்சுன்னு அதும் மேலயே பழியைப் போட்டாங்க. இப்ப நாருதான் பெரும்பாலும் குத்தவாளின்னு சொல்றாங்க. நாப்பது தாண்டுன பொம்பளைகளுக்கு இது கூடுதலா வரும். உன் அத்தைக்கும் வந்துச்சு. நீ ஆம்பளையாப் பொறந்தும் விடல பாரு.

ஏன் வராது? டீக்கடையில நிக்கிறதைப் பாக்குறேனே. ஒத்தைக்கால்ல பாரத்தைப் போட்டு, இடுப்பை ஒடிச்சு, கோயில் சிலை கெட்டுச்சு போ! உக்காந்தாலும் கால் மேல கால். ராத்திரி வலிக்கிற பக்கமாவே படுக்கை. அதுல போன்ல எவனோ சொன்னான்னு வலிக்கிற காலைத் தூக்கி மறு கால் மேல போட்டு வெடுக்கு வெடுக்குன்னு இழுக்குறியாம். கிழிஞ்ச வேட்டியை இழுத்தா தைச்சுக்குமா?

மொதல்ல இதையெல்லாம் விடு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெதுவாத் தூக்கி இறக்கு. பத்துத் தடவை போதும். வலி தணிஞ்சப்புறம் நல்ல பக்கமாச் சாஞ்சு படுத்து மேல் காலை நீட்டித் தூக்கு. பிசியோதெரபி பாக்குறவங்ககிட்ட ஒரு தரம் நேர்ல செஞ்சு காட்டிக்கோ. தூங்குறப்ப ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல ஒரு தலையணை. நொச்சித் தழை ஒத்தடம் குடுக்கணும்னா குடு, இதமா இருக்கும். மூணு நாள்ல சரியாகலைன்னு எங்கிட்ட வந்து நிக்காத. எட்டு வாரம், பன்னண்டு வாரம் ஆகும். பருத்தி விதைச்ச மறுநாளே கூடையைத் தூக்கிட்டா காட்டுக்குப் போவ?

அவசரக்காரனுக்குன்னே பேரு ஊரு இல்லாத பொடி ஒண்ணு பொட்டலத்துல கெடைக்கும். தின்ன மறுநாளே குதிரை மாதிரி ஓடுவான். அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா எவன் கண்டான்? ஸ்டீராய்டை மாசக்கணக்குல தின்னாலும், தெனமும் சாராயத்துல நீந்துனாலும், தொடையெலும்பு உருண்டைக்குப் போற ரத்தம் சுருங்கி அந்த எலும்பே செத்துப் போகலாம். முப்பது வயசுப் பையனுக்குக் கூட அப்படி ஆகுது. ஆரம்பத்துல எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தாத்தான் தெரியும். உருண்டை நொறுங்கிட்டா மூட்டை மாத்த வேண்டியதுதான். அதுக்கும் பயப்பட வேண்டாம். 1962லயே சார்ன்லின்னு ஒரு இங்கிலாந்து டாக்டரு இப்ப இருக்குற முறைக்கு வழி போட்டுட்டாரு. நம்ம அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயே செய்றாங்க.

இன்னொண்ணு. வயசாளி வழுக்கி விழுந்து, காலு குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கெடந்தா சுளுக்கு எடுக்குறவனைக் கூப்பிடாத. நேரா 108. வலியோட காய்ச்சல் இருந்தாலும், காலை ஊனவே முடியலைன்னாலும் அன்னிக்கே டாக்டரு.

இப்ப கம்புக்கு வருவோம். வந்ததுலேர்ந்து நானும் பாக்குறேன். வலிக்கிறது வலது பக்கம், கம்பும் வலது கையில. சினிமாவுல கெழவன் வேசம் போடுறவன் அப்படித்தான் பிடிப்பான். நானும் ரெண்டு வருசம் அப்படித்தான் பிடிச்சேன். ஒரு நாள் பிசியோதெரபி பாக்குற பொண்ணு, ‘தாத்தா, கம்பு துணைக்கா, எடுப்புக்கா?’ன்னு கேட்டுச்சு. அன்னிக்குத்தான் வெளங்குச்சு. நடக்குறப்ப ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கணம் ஒத்தைக்கால்லதான நிக்கிறோம்? உடம்பு மறுபக்கம் சாயப் பாக்கும். சாயாம இருக்க இடுப்போரத் தசை இழுத்துப் பிடிக்கும். பாரமும் இழுவையும் சேந்து, ஏத்தத் துலாவோட நடுக்கட்டை மாதிரி மூட்டு மேலதான் இறங்கும். எழுவது கிலோ ஆளுக்கு இரநூறு கிலோ வரைக்கும் ஏறும். நீ அஞ்சு கிலோ எளச்சா மூட்டுக்கு ஏறக்குறைய பதினஞ்சு கிலோ மிச்சம். எதிர்க்கையில கம்பை ஊனுனா அந்தச் சாயுற பாரத்தைக் கம்பு தாங்கிக்கும், தசைக்கு இழுவை குறையும்.

ஆக, கம்பை இடது கைக்கு மாத்து. கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு ஒசரத்துக்கு அதோட பிடி இருக்கணும். வலது காலும் கம்பும் ஒண்ணா முன்னுக்குப் போகணும். எங்க, வாசல் வரைக்கும் நடந்து காட்டு. பர்ஸு திண்ணையிலயே இருக்கட்டும், எழுவது ரூபாய்க்கு நான் பொறுப்பு.