கைப்பழக்கமும் கடைப்பழக்கமும்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: இசைக்கருவி வாங்கும் ஆசை. மொத்தமாகவே தீர்த்துவிடுவோம்.

கே: வீட்டில் மூன்று கிடார் இருக்கிறது. நாலாவதுக்குக் கை துறுதுறுக்கிறது. தடுத்து நிறுத்துங்கள் சார்! (கோவை வாசகர்)

ப: முதலில் அந்த மூன்றையும் எடுத்துச் சுருதி சேருங்கள். எத்தனையில் தந்தி துருப்பிடிக்காமல் இருக்கிறது என்று பாருங்கள்.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-ல் ஒரு மார்ட்டின் கிடார் வாங்கினார். ‘டிரிக்கர்’ என்று பெயர் வைத்தார். வாசித்து வாசித்துப் பலகை தேய்ந்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. அதற்கப்புறமும் ஊர் ஊராக அதோடுதான் போனார். உங்கள் மூன்றில் எதிலாவது பாலிஷாவது மங்கியிருக்கிறதா?

கே: ஒசத்தியான வாத்தியம் இருந்தால்தானே ஒசத்தியான நாதம் வரும்? (மதுரை வாசகர்)

ப: ஒரு மட்டம் வரைக்கும் சரி. அதற்கு மேல் பெயருக்குத்தான் விலை.

2012-ல் பாரிஸ் பக்கத்தில் பத்து முன்னணி வயலின் வித்வான்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பழைய இத்தாலிய வயலின் ஆறும் புதுசு ஆறும் கொடுத்தார்கள். பழசில் பெரும்பாலானவை ஸ்ட்ராடிவேரி, கோடிகளில் விலை. எது பழசு, எது புதுசு என்று அவர்கள் சொன்னதெல்லாம் குருட்டாம்போக்குக்கு மேல் தேறவில்லை. கச்சேரிப் பயணத்துக்கு எதை எடுத்துப் போவீர்கள் என்று கேட்டபோது, பத்தில் ஆறு பேர் கை காட்டியது புதுசை.

கண்ணை மூடினார்கள், விலைச்சீட்டு மறைந்தது, காது பிழைத்தது.

கே: வட்டியில்லாத் தவணையில் கீபோர்டு கிடைக்கிறது. வட்டியே இல்லையாம்! வாங்கலாமா? (சேலம் வாசகர்)

ப: சைபர் சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. ‘பிராசஸிங்’ கட்டணம் என்று ஒன்று ஓரமாக வந்து உட்காரும். வட்டி வேறு சட்டை போட்டு வருகிறது, அவ்வளவுதான்.

கே: என் லேப்டாப்பில் நானூறு பிளக்கின் இருக்கிறது. ஆனாலும் ஒரு பாட்டு முடிந்தபாடில்லை. இன்னும் என்ன வேண்டும்? (போரூர் வாசகர்)

ப: முந்நூற்றுத் தொண்ணூறு குறைய வேண்டும்.

பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பம் 1966-67-ல் நான்கு டிராக் டேப் இயந்திரங்களில் பதிவானது. நாலும் நிறைந்ததும், இன்னொரு இயந்திரத்துக்குச் சுருக்கி மாற்றி, அதன் மேல் மறுபடி வாசித்தார்கள். சுருக்கிய பிறகு திரும்பப் பிரிக்க வழியில்லை. ஆகவே முடிவெடுத்தே ஆகவேண்டும். உங்களுக்கோ டிராக் எத்தனை வேண்டுமானாலும் உண்டு. முடிவு மட்டும் இல்லை.

இன்னொன்று. 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சி வீட்டில் உட்கார்ந்து, நான்கு டிராக் கேசட் இயந்திரத்தில் சில பாடல்களை மாதிரிக்குப் பாடி வைத்தார். பிறகு ஸ்டூடியோவுக்குப் போய், முழு வாத்தியக் குழுவோடு அதையே செய்து பார்த்தார். கேசட்டில் இருந்த உயிர் அங்கே வரவில்லை. உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் கிடந்த அந்தக் கேசட்தான் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தது. நானூற்றில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாசம் இருங்கள். பாட்டு முடியும்.

கே: என் கணவர் இருபதாயிரம் ரூபாய்க்கு ஸ்பீக்கர் வயர் வாங்கப்போகிறார். உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? (திருச்சி வாசகி)

ப: தெரியும் அம்மா, பாங்குக் கணக்கில். வீட்டுக்குள் நாலைந்து மீட்டர் தூரத்துக்குப் போதுமான தடிமனில் சாதாரணத் தாமிர வயர் தாராளம். தாமிரத்துக்கு பிராண்டு தெரியாது.

ஒரு பரீட்சை வையுங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் போய், எதையும் தொடாமல், “மாத்திட்டேங்க” என்று சொல்லுங்கள். “ஆகா, இப்போதான் தெளிவு!” என்றால் இருபதாயிரம் மிச்சம்.

கே: 192 கிலோஹெர்ட்ஸ் பிளேயர் வாங்கலாமா? எனக்கு வயது 52. (பெங்களூர் வாசகர்)

ப: மனிதக் காதின் உச்சவரம்பு 20 கிலோஹெர்ட்ஸ், அதுவும் இளவயதில். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவாகும் சி.டி., 22 வரை தாங்கும். 52 வயதில் மேல்தட்டு ஏற்கெனவே சத்தமில்லாமல் விடைபெற்றிருக்கும். ஸ்டூடியோவில் ஒலியை வெட்டி ஒட்டிப் பந்தாடுகிறவர்களுக்கு அதிக எண்ணால் பிரயோசனம் உண்டு. கேட்டு ரசிக்கிறவருக்கு? வீட்டில் வௌவால் இருந்தால் வாங்குங்கள்.

கே: மிருதங்கம் நாதம் செத்துக் கிடக்கிறது. புதுசு வாங்கிவிடட்டுமா? (கும்பகோணம் வாசகர்)

ப: கட்டை என்ன பாவம் செய்தது? பலாக்கட்டை உங்கள் பேரன் காலம் வரை இருக்கும். தேய்வது தோல். வலந்தலையில் இருக்கும் கருப்பு, வாசிக்க வாசிக்கப் பொடிந்து உதிரும். மூட்டு (தோல் முகம்) மாற்றினால் அதே கட்டை மறுபடி பேசும்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதமே உண்டு. மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் எது எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும், கருப்பு எத்தனை பூச்சு ஏற வேண்டும் என்பதெல்லாம் செய்பவர் விரலில் இருக்கிறது. எந்த டப்பாவிலும் அடைத்து விற்பதில்லை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞரின் உழைப்பு இருந்தது. மணி ஐயர் பெயர் எல்லாருக்கும் தெரியும். பர்லாந்து பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ புத்தகம், மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றியது. தோல் வேலை செய்கிறவர்கள் என்பதாலேயே கச்சேரி உலகம் அவர்களை வாசலில் நிறுத்திய கதையும் அதில் உண்டு.

மூட்டுக்குக் கொடுக்கும் பணம் நேராக அந்தக் கைக்குப் போகிறது. பேரம் பேசாமல் கொடுங்கள்.

கே: என் வீணைக்கும் இதே பதிலா? (தஞ்சாவூர் வாசகி)

ப: இதேதான். 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு இளகினால் ஸ்வரம் நகரும். விவரம் தெரிந்தவரிடம் மெழுகை மாற்றி மெட்டுகளைப் பதித்துக்கொள்ளுங்கள். நகர்ந்தது மெட்டு, நீங்கள் கடைக்கு நகராதீர்கள்.

கே: ஏ.ஆர். ரஹ்மானுக்கு அவர் அம்மா நகையை விற்றுத்தானே கருவி வாங்கித் தந்தார்? என் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? (வேலூர் வாசகர்)

ப: கதையின் பின்பாதியை மட்டும் சொல்லாதே தம்பி. அப்பா ஆர்.கே. சேகர் இறந்தபோது ரஹ்மான் சின்னப் பையன். அப்பாவின் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. பள்ளிக்கூட வயதிலேயே அடுத்தவர்களின் ஒலிப்பதிவுகளில் கீபோர்டு வாசிக்கப் போனார். வீட்டோடு ஸ்டூடியோ அமைந்தது 1989-ல். ‘ரோஜா’ வந்தது 1992-ல். நகை கைமாறிய காலத்தில் அந்தக் கைக்குப் பல வருஷ அனுபவம்.

உன் கைக்கு எத்தனை வருஷம்? பதிலை அம்மாவிடம் நேராகச் சொல். நகை பெட்டியைவிட்டு வருமா என்று அவரே முடிவு செய்வார்.

கே: 14 வயது மகன் எலெக்ட்ரிக் கிடார் கேட்டு உயிரை வாங்குகிறான். (ஈரோடு வாசகர்)

ப: 1963-ல் லண்டன் பக்கம் ஒரு பையன் இதே மாதிரி ஏங்கினான். கடையில் வாங்க வசதியில்லை. அப்பா ஹரால்ட் மே, எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். இருவருமாகச் சேர்ந்து செய்தே விட்டார்கள். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், டிரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், அதன் கைப்பிடி நுனிக்குப் பின்னல் ஊசியின் முனை. அந்த ‘ரெட் ஸ்பெஷல்’ கிடாரோடுதான் பிரையன் மே ‘குவீன்’ குழுவில் வாசித்து உலகைச் சுற்றினார். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டைமாடியில் வாசித்ததும் அதையேதான்.

நீங்களும் ஆசாரி வேலையில் இறங்கச் சொல்லவில்லை. சுமாரான பழைய கிடார் ஒன்று வாங்கிக் கொடுங்கள். தினமும் அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். பையன் கேட்டது கிடார். ஹரால்ட் மே கொடுத்தது இரண்டு வருஷம்.

கே: ஒரே ஒரு மைக் வாங்கினேன். இப்போது என்னென்னவோ தேவைப்படுகிறது! (நாகர்கோவில் வாசகர்)

ப: கன்டென்சர் மைக்காக இருக்கும். அதற்கு 48 வோல்ட் வேண்டும், ஆகவே இன்டர்ஃபேஸ். பிறகு ஸ்டாண்டு, கேபிள், ஹெட்போன். கல்யாணத்துக்குக் கூப்பிட்ட ஒருவர் ஊரையே வேனில் ஏற்றி வந்த கதை.

பிரெஞ்சு எழுத்தாளர் திதெரோவுக்கும் இதே அவஸ்தை. புதுசாக ஒரு சிவப்பு அங்கி வந்தது. அதன் பக்கத்தில் பழைய நாற்காலி மட்டமாகத் தெரிந்தது, மாற்றினார். மேஜை, படம் எல்லாம் வரிசையாக மாறின. பழைய அங்கியை நினைத்து வருந்தி ஒரு கட்டுரையே எழுதினார், 1769-ல். நீங்கள் பாட்டாவது பாடி வையுங்கள்.

கே: என் ஸ்பீக்கரில் பேஸ் ‘கும்’மென்று அடைக்கிறது. பெரிய மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கினால் சரியாகுமா? (மடிப்பாக்கம் வாசகர்)

ப: அறை என்ன அளவு? பத்துக்குப் பத்து, உயரமும் பத்தா? அப்படியானால் குமுறுவது அறை. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி எதிரொலித்து வீங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமானால் மூன்று பக்கமும் சேர்ந்து வீங்கும். பெரிய ஸ்பீக்கர் வைத்தால் பெரிதாக வீங்கும்.

மூலைகளில் தடிமனான ராக்வுல் பலகை வையுங்கள். மெல்லிய திரைச்சீலை பேஸை ஒன்றும் செய்யாது. நாற்காலியை இடம் மாற்றிப் பாருங்கள், அது இலவசம். குரல் பதிவுக்குத் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் பக்கம் நின்று பாடுங்கள். மனைவியின் புடவைகளுக்கு இப்படியும் ஒரு பயன்.

கே: பழைய, மவுசு போன டிரம் மெஷின்தான் என்னிடம் இருக்கிறது. வெளியே சொல்லவே கூச்சம். (யாழ்ப்பாண வாசகர்)

ப: ரோலண்ட் கம்பெனியின் டி.ஆர்.-808, 1980-ல் வந்தது. ‘நிஜ டிரம்ஸ் மாதிரியே இல்லை’ என்றார்கள். சுமார் 12,000 செய்து 1983-ல் மூடிவிட்டார்கள். பழைய கடைகளில் மலிவாக வந்து விழுந்ததை, காசில்லாத இளைஞர்கள் எடுத்துப்போனார்கள். ஹிப்-ஹாப் இசையின் இதயத்துடிப்பே அதுவாகிப்போனது. கூச்சத்தை விடுங்கள், ஸ்விட்சைப் போடுங்கள்.

கே: வாங்கி வைத்தால் பிற்காலத்தில் விலை ஏறும். முதலீடுதானே? (அண்ணா நகர் வாசகர்)

ப: 2019-ல் ‘பிங்க் ஃபிளாய்ட்’ குழுவின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட் கிடார் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. பணத்தைப் பருவநிலைப் பாதுகாப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் மனிதர். அதே மாதிரி கிடார்கள் அவர் வாங்கிய காலத்தில் கடைகளில் வரிசையாகத் தொங்கின. இதற்கு மட்டும் ஏன் இந்த விலை? அதில் வாசித்த பாட்டுகளுக்கு. உங்கள் பாட்டு எங்கே?

கே: விமர்சனக் காணொளி பார்த்தாலே வாங்கத் தோன்றுகிறது. ஆசையை அடக்க ஒரு வழி? (சிங்கப்பூர் வாசகர்)

ப: காணொளிக்காரர் வீட்டுக்கு அந்தப் பெட்டி பல சமயம் சும்மா வரும். உங்கள் வீட்டுக்கு பில்லோடு வரும்.

நோட்டில் கருவியின் பெயரை எழுதுங்கள், தேதி போடுங்கள். கீழே ஒரே வரி: ‘இது இல்லாததால் இன்ன பாட்டு நின்றுபோனது.’ பாட்டின் பெயரை எழுத முடியவில்லையா, பக்கத்தைத் திருப்புங்கள். எழுத முடிந்தால், ஒருநாள் வாடகைக்கு எடுத்து அந்தப் பாட்டையே பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அது தேவை.

கே: அப்போது எதையுமே வாங்கக் கூடாதா? (திருநெல்வேலி வாசகி)

ப: யார் சொன்னது? குழந்தை வளர்ந்துவிட்டால் அரை அளவு வயலின் போதாது, வாங்குங்கள். பியானோ படிப்பு மேலே போனால் 61 கட்டை இடிக்கும், 88 வாங்குங்கள். புதுத் தந்தி வாங்குங்கள். நல்ல வாத்தியாரிடம் மாசச் சம்பளம் கட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மேடையில் டிரம்ஸ் பக்கம் நிற்கிறவரானால் இயர்பிளக் வாங்குங்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் காது தாங்கும். மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால்மணி நேரம்தான். காதுக்கு மட்டும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் கிடையாது.

கே: தள்ளுபடி இன்றிரவு 12 மணியோடு முடிகிறது! உடனே பதில் தேவை!! (காரைக்குடி வாசகர்)

ப: உங்கள் கடிதம் எனக்கு வந்து சேர்ந்து நான்கு நாள் ஆகிறது.