முன்கதைச் சுருக்கம்: அண்ணாமலை

2022இல் வந்த 'எல்டன் ரிங்' கேமின் புராணத்தை எழுதிக்கொடுத்தவர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். யார் யாருக்குப் பிள்ளை, வளையத்தை உடைத்தது யார் என்று புரிந்துகொள்ள ராத்திரி பூராவும் யூடியூபே கதியென்று கிடக்கிறார்கள் நம் பிள்ளைகள். அதே பிள்ளைகள் பவுர்ணமிக்குத் திருவண்ணாமலை வந்தால், பதினாலு கிலோமீட்டரையும் கதை தெரியாமலே சுற்றிவிட்டு, சுக்குக் காப்பி குடித்து பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் நலன் கருதி இது.

முதல் பாகம். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று தகராறு. நடுவில் சிவன் ஒரு நெருப்புத் தூணாக முளைத்தார்; அந்தத் தூண்தான் இந்த மலை. அடியையோ முடியையோ பார்த்தவருக்குப் பட்டம். விஷ்ணு பன்றியாகிப் பூமியைக் குடைந்தார், ஆகவில்லை, "முடியலைங்க" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். அன்னமாகிப் பறந்த பிரம்மாவோ, மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவை வழிமறித்து, "நான் முடியைப் பார்த்தேன்னு மட்டும் சொல்லு, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். பூவும் சொன்னது. தீர்ப்புக்கு வாய்தாவே இல்லை: பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது, தாழம்பூவுக்கு சிவபூஜை கிடையாது. கும்பகோணம் மாதிரி ஓரிரு ஊர் பிரம்மாவுக்கு இரக்கப்பட்டது. தாழம்பூவுக்கு உத்தரகோசமங்கையில் பொது மன்னிப்பு. மற்றபடி தண்டனை இன்றும் அமலில். கேம் கம்பெனியாக இருந்தால் இதற்குள் நாலு அப்டேட் விட்டுச் சமாதானம் செய்திருப்பார்கள்.

அடுத்து வல்லாள மகாராஜா. இவர் நிஜ ராஜா: ஹொய்சளர் மூன்றாம் வீரவல்லாளர். தலைநகர் துவாரசமுத்திரம் டெல்லிப் படைகளிடம் அடிமேல் அடி வாங்கியதும், திருவண்ணாமலையில் வந்து ஜாகை போட்டார். கேட்டவருக்கு இல்லையென்னாதவர், புராணப்படி பிள்ளைதான் இல்லை. சிவன் அடியார் வேடத்தில் வந்து, கொடுக்கவே முடியாத ஒன்றைக் கேட்டுச் சோதித்து, கடைசியில் குழந்தையாகி ராணி மடியில் கிடந்து, எடுத்துக் கொஞ்சுமுன் மறைந்தார். இனி உனக்குப் பிள்ளை நானே என்று வாக்கும் கொடுத்தார். எண்பது வயதுவாக்கில் மதுரை சுல்தானிடம் போரில் சிக்கினார் ராஜா. உரித்த தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதைத் தானே பார்த்ததாக இபின் பதூதா எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் நக்கல் செல்லாது. வாக்குப்படி, மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குக் கிளம்பிப்போய் 'அப்பா'வுக்குத் திதி கொடுக்கிறார். வெளிநாட்டில் செட்டிலான பிள்ளைகள் கவனிக்கவும்.

மூன்றாவது, அருணகிரிநாதர். வாழ்க்கை வெறுத்துக் கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் கையில் பிடித்தான். பிற்பாடு பாரிஜாதப் பூ பறிக்கக் கிளி உடம்புக்குள் புகுந்து போனார். திரும்புவதற்குள் எதிராளி சம்பந்தாண்டான் இவருடைய சொந்த உடம்பைக் கொளுத்திவிட்டான். சேவ் பண்ணிவைத்த இடமே காலி. கிளியாகவே இருந்து மிச்சப் பாடல்களையும் பாடினார். கிளி கோபுரம் சாட்சி.

கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தை கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடித்தார். அதில் சண்டை சச்சரவு இல்லாததால் யாரும் கதை சொல்வதில்லை.

சண்டை வேண்டுமென்றால் மாட்டுப் பொங்கலன்று வாருங்கள். தன்னை மதிக்காத பிருங்கி முனிவருக்கு வீட்டுக்காரர் தரிசனம் கொடுக்கப் புறப்பட்டார் என்று அம்மன் முறைத்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அண்ணாமலையார் வெளியே தங்கி, மறுநாள் தனியாக மலையைச் சுற்றிவிட்டு வந்துதான் சமாதானம். ஊரறிந்த சண்டை. அது நடக்கிற தெருவுக்கே திருவூடல் தெரு என்று பேர் வைத்து, தபால்காரரும் அந்த விலாசத்தில்தான் கடிதம் கொடுக்கிறார்.