வெறுங்கை முழம் போடுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் வாள்வீச்சுக்கு ஒரே கணக்கு. இருபது முகப் பகடையை உருட்டி, கூட்ட வேண்டியதைக் கூட்டினால் எதிரியின் கவச எண் வருகிறதா? வெட்டு விழுந்தது. கைக்கு மட்டும் தனிச் சட்டம். நல்ல வாளை உறையில் போட்டுவிட்டுக் கோப்ளினின் கழுத்தைப் பிடிக்க ஆசைப்படுபவர் மேஜைக்கு ஒருவர் உண்டு. சென்ற ஞாயிற்றுக்கிழமையும் இருந்தார். அவர் வாயைத் திறந்ததும் புத்தகங்கள் விரிந்தன, தேநீர் ஆறியது.

வம்பின் வேர் கேரி கைகாக்ஸ் 1979-இல் எழுதிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு. குத்துவது, கட்டிப்பிடிப்பது, மேலே விழுந்து அமுக்குவது என்று அடிதடியை மூன்றாக வகுத்து, மூன்றுக்கும் சதவீதப் பகடையும் அட்டவணையும் வைத்தது அந்நூல். டிராகனைக் கொல்வதைவிடச் சத்திரத்துக் குடிகாரனைக் கீழே தள்ளுவது கடினமாயிற்று. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில், விழுந்த எண்ணை அட்டவணையில் பார்த்தால்தான் குத்து தாடையிலா, சிறுநீரகத்திலா என்று தெரியும். குத்தியவருக்கே அதுவரை தெரியாது. எதிரி மயங்கினானா என்பதற்கு இன்னொரு பகடை.

மகுடம் 2003-இன் மூன்றரைப் பதிப்பு. கட்டிப்பிடிக்கக் கை நீட்டியதுமே எதிரிக்கு ஓர் இலவச அடி; அதில் காயம் பட்டால் முயற்சி அத்தோடு முடிந்தது. படாவிட்டால், தொட்டோமா என்று பார்க்க ஓர் உருட்டல். தொட்டபின் பிடித்தோமா என்று பார்க்க இருவரும் உருட்ட வேண்டும். இதில் உடல் அளவுக்குப் படிக்கு நான்கு வீதம் கூடும், குறையும். எதிரி இரண்டு படி பெரியவனாக இருந்தால் தோல்வி நிச்சயம். பிடித்தபின் அவன் கட்டத்துக்குள் நுழைய வேண்டும். நுழையும்போது பக்கத்தில் நிற்கும் அவன் கூட்டாளிகளுக்கு இலவச அடி உண்டு. பிடிபட்டவனுக்குக் கிடையாது, அவன் பாவம். நுழைய முடியாவிட்டால் பிடி விட்டுப்போகும். நுழைந்துவிட்டால், கட்டிப்புரளாத மற்ற எதிரிகளுக்கு எதிரே சுறுசுறுப்பால் கிடைக்கும் பாதுகாப்பு போய்விடும். கூட்டாளிகளும் வந்து பிடிக்கலாம், ஆனால் ஒருவன்மேல் நால்வருக்குமேல் கூடாது. வந்தவர் அவனைவிடச் சிறியவர் என்றால் அரை ஆள், ஒரு படி பெரியவர் என்றால் இரண்டு ஆள். பிறகு அசையவிடாமல் அமுக்க வேண்டுமா? மறுபடி இருவரும் உருட்டுக. இத்தனைக்கும் பலன், மூன்றுவரை எண்ணும் பகடை அளவுக்கு அடி. அதுவும் உயிரை எடுக்காத அடி. இதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் கோடரியால் இரண்டு கோப்ளின்களை முடித்துவிட்டுக் கைப்பேசியில் மூழ்கியிருப்பார்.

மூன்றரைப் பதிப்பிலிருந்து கிளைத்த தனி ஆட்டமான 2009-இன் பாத்ஃபைண்டர் இவை அனைத்தையும் தாக்க ஓர் எண், தடுக்க ஓர் எண் என்று சுருக்கியது. பயிற்சி பெற்ற மாங்க் வகுப்பினருக்கு எப்போதும் சலுகை: மூன்றரைப் பதிப்பில் முதல் நிலையிலேயே அவர்கள் குத்து ஆறுமுகப் பகடை, இருபதாம் நிலையில் பத்துமுகப் பகடை இரண்டு. கழுத்தைப் பிடிக்க ஆசைப்படுபவர் அந்த வகுப்பைத் தேர்ந்தெடுத்ததாக வரலாறு இல்லை.

2014-இன் ஐந்தாம் பதிப்பு எளிமைக்குப் பேர்போனது. அங்கே கை ஆயுதம் அல்ல; ஆனால் கையால் குத்துவது ஆயுதத் தாக்குதல். வலுவோடு ஒன்றைக் கூட்டினால் அதுதான் அடி. பிடிபட்டவரின் நடைவேகம் பூஜ்யம், அவ்வளவே. கழுத்தைப் பிடித்திருந்தாலும் மந்திரவாதி மந்திரம் சொல்ல விதியில் தடையில்லை.

2024-இன் திருத்தத்தில் குத்துவது, பிடிப்பது, தள்ளுவது மூன்றும் ஒரே தலைப்பில் அடங்கின. பிடிக்கவோ தள்ளவோ நினைப்பவர் உருட்ட வேண்டாம். எட்டோடு அவருடைய வலுவையும் தேர்ச்சியையும் கூட்டி வரும் எண்ணை எதிரி உருட்டித் தாண்ட வேண்டும். பிடிபட்டவர், பிடித்தவரை விட்டு வேறொருவரைத் தாக்கினால் இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும். தீப்பந்து மந்திரத்தில் உருட்டுவது அடிபடுபவர்கள் என்பதால் இந்தக் கட்டுப்பாடு அதற்குப் பொருந்தாது. கழுத்தைக் கொடுத்துக்கொண்டே தாராளமாக எறியலாம்.