ஏஜெண்டு தொரைக்கு ஒரு கடுதாசி

வா பேராண்டி, குந்து. கையில இன்னா, கடுதாசியா? ஏஜெண்டுக்கா? எந்த ஏஜெண்டு, எல்ஐசியா, நெலம் வாங்கி விக்கறவனா? இலக்கிய ஏஜெண்டா! லண்டன்ல ரெண்டு பேரு, நியூயார்க்ல ரெண்டு பேரு, டெல்லியில ஒருத்தரு. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போற பஸ்ஸையே நீ ஒழுங்கா புடிக்க மாட்ட. பரவால்ல, ஆச யார விட்டுது? படி, கேக்கறேன்.

"பிரபஞ்சத்தின் விளிம்பில், மொழியற்றவர்களின் மொழியாய், மௌனத்தின் கருவறையிலிருந்து…"

நிறுத்து. யாருடா இங்க மொழியில்லாதவன்? உங்க ஆயாவா? அவ வாயத் தொறந்தா அமிர்தி வரைக்கும் கேக்குமே. எந்த மௌனத்தக் கண்ட நீ? காலையில கொழாயடில தண்ணி புடிக்கப் போயிருக்கியா?

நான் இந்த மலையில தபால் பை தூக்கினவன். கத எழுதற பைத்தியம் எனக்குப் புதுசு இல்ல. வாத்தியார் வேலைக்கு மாத்தலாகி வந்தவங்க எழுதினாங்க, காட்டிலாகாவுல வந்தவங்க எழுதினாங்க. காவலூர்ல ராத்திரியெல்லாம் நட்சத்திரம் பாக்க வந்த எடத்துல, மேகம் மூடின அன்னிக்குக் கவித எழுதினவங்களும் உண்டு. அப்பல்லாம் பத்திரிகைக்குக் கத அனுப்பினா உள்ள இன்னொரு கவரு வைக்கணும். அதுல தன் முகவரிய எழுதி, தபால்தலை ஒட்டி வைக்கணும். கத வேணாம்னா அதுலயே திருப்பி அனுப்புவாங்க. வேணாம்னு சொல்ற செலவும் எழுதினவன் தலையிலதான். மெல்லிசா ஒரு கடுதாசி வந்தா கத தேறிச்சுன்னு அர்த்தம். தடியா கவரு வந்தா பிரிக்கவே வேணாம். நானும் மூஞ்சப் பாக்காம நீட்டிட்டு, நாய் கொலைக்குதுன்னு சொல்லிக்கினு வந்துருவேன்.

ஆனா ஒண்ணு. வேணாம்னாலும் ஒரு பதில் வந்துச்சு. உன் ஏஜெண்டு தொரைங்க இன்னா சொல்றாங்க? இத்தன வாரத்துல பதில் வரலன்னா இல்லன்னு எடுத்துக்கோ, அவ்ளோதான். ஆறு வாரம்பான் ஒருத்தன், பன்னெண்டு வாரம்பான் இன்னொருத்தன். நீ போனத் தடவிக்கினு ஒக்காந்திரு.

சரி, ஏஜெண்டுன்னா யாரு? கேளூர் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கியா? துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சு வெல பேசறானே தரகன், அவன்தான். வாங்கறவனுக்கு உன்னத் தெரியாது, தரகனத் தெரியும். மாடு வித்தாத்தான் அவனுக்குக் காசு. ஏஜெண்டு கணக்கு இன்னா தெரியுமா? சொந்தச் சந்தையில வித்தா நூத்துக்குப் பதினஞ்சு, வெளிநாட்டுலயோ வேற பாஷையிலயோ வித்தா இருவது. அது நாயம். வித்துத் தர்றதுக்கு முன்னாடியே, "படிச்சுப் பாக்க ஒரு தொக, திருத்திக் குடுக்க ஒரு தொக"ன்னு ஒருத்தன் கேட்டா அவன் தரகன் இல்ல. உங்கப்பன் பலாப்பழம் வித்த காச அவன்கிட்டக் குடுத்துட்டு வந்து என்கிட்ட அழாத.

இப்பச் சொல்லு, மாட்டுக்காரன் தரகன்கிட்ட இன்னா பேசுவான்? பல்லு எத்தன, ஈத்து எத்தன, கறவ எவ்ளோ. உதைக்குமா, உதைக்காதா. வேற ஏதாச்சும் பேசுவானா? "என் மாடு மாட்டினத்தின் ஆதி மௌனத்தை உடைக்கிறது"ன்னு அவன் ஆரம்பிச்சான்னு வையி. தரகன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு டீக்கடைக்குப் போயிடுவான். உன் கடுதாசியில மாடு எங்கடா? தேடித் தேடிப் பாத்தேன், சாணி வாசனகூட வரல.

அப்பறம் இது இன்னா, "பொன்னியின் செல்வனும் ஹாரி பாட்டரும் கைகோத்த நாவல்"? கல்கி 1950-ல தொடராத் தொடங்கினது அது. அந்தப் பையன் ஹாரி பாட்டர் 1997-ல வந்தவன், அவனையே பன்னெண்டு பதிப்பாளருங்க வேணாம்னு தள்ளினாங்க. இவங்க ரெண்டு பேரும் உன் கடுதாசியில இன்னா பண்றாங்க? ஏஜெண்டு கேக்கறது வேற. சமீபத்துல வந்த புஸ்தகம் ஒண்ணு ரெண்டு சொல்லு, இத்தப் படிச்சவன் உன்னதையும் வாங்குவானான்னு பாக்கறேன்னு கேக்கறான். கடக்காரன் எந்தத் தட்டுல அடுக்கறதுன்னு பாக்கற விசாரிப்பு, அம்புட்டுதான். அத்தக் கேட்டா நீ வம்சாவளி ஓலையத் தூக்கிக்கினு வரியே!

தன்னப் பத்தி எழுதுன்னா இன்னா எழுதி வச்சிருக்க? ஏழாங்கிளாஸ்ல கட்டுரப் போட்டியில ஆறுதல் பரிசு. அத்த எங்கிட்டச் சொன்னா நான் சந்தோசப்படுவேன். நியூயார்க்குக்காரனுக்கு இன்னாத்துக்கு? நீ இந்த மலையில பொறந்தவன், சாமக் கொல்லையில கள எடுத்தவன். அது ஒரு வரி. போதும். "இந்த மலையிலிருந்து எழும் முதல் குரல்"னு மட்டும் போடாத. உனக்கு முன்ன இங்க எவனும் பேசலியா? ஊர்க்கவுண்டரு பஞ்சாயத்துக்கு வந்து கேட்டுட்டு எழுது.

நம்மாளு ஒருத்தரு கத சொல்றேன். ஆர்.கே. நாராயண். 1906-ல மெட்ராஸ் புரசவாக்கத்துல பொறந்தாரு, மைசூர்ல குடியிருந்தாரு. சுவாமின்னு ஒரு பையன், அவன் கூட்டாளிங்க, இல்லாத ஊரு மால்குடி. அத்த வச்சு இங்கிலீசுல நாவல் எழுதி லண்டனுக்கு அனுப்பினாரு. போச்சு, வந்துச்சு. மறுபடி போச்சு, மறுபடி வந்துச்சு. அந்தக் காலத்துத் தபால் கப்பல்ல போவணும், நெனச்சுப் பாரு. கடைசியா ஆக்ஸ்போர்டுல படிச்சுக்கினு இருந்த கூட்டாளி கிட்டு பூர்ணாவுக்கு எழுதினாரு, அத்த ஒரு கல்லக் கட்டித் தேம்ஸ் ஆத்துல போட்டுடுன்னு. கூட்டாளி போடல. கிரகாம் கிரீன்னு ஒரு எழுத்தாளரு கையில கொண்டுபோய்க் குடுத்தாரு. அவரு படிச்சாரு, அவரே அலஞ்சு பதிப்பாளரப் புடிச்சாரு. 1935-ல ஹாமிஷ் ஹாமில்டன் கம்பெனி போட்டுச்சு. நாராயணசாமின்னு நீளமா இருந்த பேரையும் கிரீன்தான் நறுக்கச் சொன்னாரு.

கல்லக் கட்டச் சொன்னவரு புஸ்தகம் இன்னிக்கும் விக்குது. பிரபஞ்சத்தின் விளிம்பு புஸ்தகம் ஏதாச்சும் உனக்குத் தெரியுமா?

இத்தக் கேட்டுட்டு, எனக்கும் ஒரு கிரீன் வருவாருன்னு திண்ணையில படுத்துக்காத. மீதியக் கேளு. ரெண்டாவது புஸ்தகம் 1937-ல நெல்சன் கம்பெனி. மூணாவது 1938-ல மேக்மில்லன். மூணு புஸ்தகத்துக்கு மூணு கம்பெனி ஏன்? பேரு வந்துச்சு, துட்டு வரல. ஒருத்தனும் அடுத்த வாட்டி கதவத் தொறக்கல. டேவிட் ஹையம்னு அவருக்கு ஏஜெண்டும் இருந்தாரு. இருந்தும் உலகச் சண்ட காலத்துல லண்டன் வழி அடபட்டப்போ நாராயணே மைசூர்ல பதிப்பகம் வச்சாரு. ஏஜெண்டு கெடச்சுட்டா கார் வாங்கலாம்னு கணக்குப் போட்டியே, அந்தக் காகிதத்தக் குடு, அடுப்புக்கு ஆவும்.

வடக்க ஒருத்தன் பொழச்சான், அத்தயும் சொல்லணும். அமீஷ். மெலூஹா நாவல இருவது பதிப்பாளருக்கு மேல தள்ளிட்டாங்க. 2010-ல அவனோட ஏஜெண்டு அனுஜ் பாஹ்ரியே புஸ்தகமாப் போட்டாரு. பையன் பேங்கு வேலையில இருந்தவன், விக்கத் தெரியும். மொத அத்தியாயத்த மட்டும் அச்சடிச்சுக் கடைக்குக் கட சும்மா குடுத்தான். கடுதாசி அழகுல விக்கல அது.

நம்ம தமிழுக்கு வா. இங்க இலக்கிய ஏஜெண்டுன்னு தேடினா ஊர் சிரிக்கும். இங்க எழுத்தாளனே தரகன், அவனே கூலியாளு. சி.சு. செல்லப்பா தெரியுமா? வத்தலகுண்டுக்காரரு. 1959-ல 'எழுத்து' பத்திரிகைய ஆரம்பிச்சவரு. புஸ்தகத்தப் போட்டு, அவரே மூட்ட கட்டித் தூக்கிக்கினு காலேஜு காலேஜாப் போய் வித்தாரு. வயசான காலத்துல 'சுதந்திர தாகம்'னு மூணு பாகம் எழுதினாரு, 1997-ல தானே அச்சுப் போட்டாரு. அடுத்த வருசம் செத்துப் போனாரு. சாகித்ய அகாடமி பரிசு 2001-ல வந்துச்சு. வாங்க ஆளு இல்ல. பரிசுன்னாலே வேணாம்னு கை கழுவற மனுசன் அவரு, இருந்திருந்தா கொண்டு வந்தவங்களையே திட்டி அனுப்பியிருப்பாரு. அது எனக்குப் புடிச்ச விசயம்.

தமிழ்ல எழுதறதா இருந்தா மலைய விட்டு எறங்கு, போளூர் தாண்டித் திருவண்ணாமலைக்குப் போ. வம்சி பதிப்பகம் அங்கியே இருக்குது. கதவத் தட்டு, கத இன்னான்னு வாயால சொல்லு. புஸ்தகம் போட நீயே காசு குடுன்னு கேக்கற எடமும் ஊர்ல உண்டு. அங்க போட்டுட்டு ஐநூறு காப்பிய வாங்கி உங்க ஊட்டுப் பரண்ல ஏத்தினா, எலிதான் விமரிசனம் எழுதும்.

அதுக்குன்னு வெளியூரு வழியே இல்லன்னு சொல்லல. பெருமாள்முருகன் தமிழ்லதான் எழுதறாரு. நாமக்கல் பக்கத்துக் காட்ட எழுதறாரு. 'பூக்குழி' இங்கிலீசுக்குப் போயி 2023-ல சர்வதேச புக்கர் நெடும்பட்டியல்ல நின்னுச்சு. அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்த்தாரு. அதே வருசம் ஜனவரியில அரசாங்கமே மெட்ராஸ்ல பன்னாட்டுப் புத்தகக் காட்சி வச்சுது, உரிம வாங்கறதுக்கும் விக்கறதுக்கும்னே. சந்தை தெறந்துதான் கெடக்குது. மாடு இருக்கான்னுதான் நான் கேக்கறேன்.

இப்ப உன் கதையச் சொல்லு, கடுதாசிய வையி கீழ. யாரப் பத்தி? உங்க சின்னாயி மாதிரி ஒருத்தி. சரி. அவளுக்கு இன்னா வேணும்? புருசன் உழுத மேட்டு நெலத்துக்கு உரிம வேணும். நல்லது. யாரு குறுக்க? காட்டிலாகாவா? இரு, 2006-லயே வன உரிமைச் சட்டம் வந்துருச்சே. 2005 டிசம்பர் 13-க்கு முன்ன இருந்து உழுதிருந்தா கேக்கலாம். காகிதம் இல்லன்னாக்கூட, மத்த ஆதாரத்தோட ஊருப் பெரியவங்க சாட்சியையும் எடுத்துப்பாங்க. அப்ப சிக்கல் எங்க? சாட்சி சொல்ல வேண்டிய கெழவன் அவ மச்சாண்டாரா? அவனுக்கும் அந்த மேட்டு மேல கண்ணா?

அட பாவி, இத்தன நல்ல கதைய வச்சிக்கினு பிரபஞ்சம், கருவறன்னு எழுதி வச்சிருக்கியே! எழுதிக்கோ:

"ஐயா, ஜவ்வாது மலையில ஒரு விதவை, புருசன் உழுத சாம மேட்டுக்கு உரிம கேக்கறா. உழுதான்னு சாட்சி சொல்லக்கூடியவன் உயிரோட ஒருத்தன்தான், அவ மச்சாண்டாரு. அந்த மேடு அவனுக்கும் வேணும். கிராம சபை கூடற நாளுக்குள்ள அவன் வாய தொறக்க வைக்கணும். நாவல் முடிஞ்சிருச்சு, 80,000 சொல். நான் இந்த மலைக்காரன், இங்கியே இருக்கறவன். மொத மூணு அத்தியாயம் இதோட வச்சிருக்கேன்."

முடிவக் கடுதாசியில சொல்லாத. கதச் சுருக்கம் தனியாக் கேட்டா, அதுல மட்டும் ஒளிக்காம சொல்லு. ஒரு பக்கத்துக்கு மேல போவாத. ஏஜெண்டு பேர சரியா எழுது, பொம்பளைக்கு ஐயான்னும் ஆம்பளைக்கு அம்மான்னும் போடாத. அவன் எந்த மாதிரி புஸ்தகம் எடுக்கறான்னு மொதல்ல பாரு. பேய்க் கத மட்டும் எடுக்கறவன்கிட்ட சாமக் கொல்லைய நீட்டி இன்னா பிரயோசனம்?

மிஷினுகிட்டக் கேட்டா இதவிட நல்லா எழுதித் தருதுன்றியா? தரும். மொதல்ல படிச்சியே, அந்தப் பிரபஞ்சத்தின் விளிம்பு, அது யாரு எழுதினது? ஏன் தலையச் சொறியற? எனக்கு அப்பவே தெரியும். உனக்கு "கருவறையிலிருந்து"ன்னு ஒத்துப் பிழை இல்லாம எழுத வராதே.

சரி, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். நாவல் முடிஞ்சிருச்சுன்னு கடுதாசியில எழுதச் சொன்னேனே, முடிஞ்சிருச்சா?

பாதியா?

நாலு அத்தியாயமா!

மொத நாவலுன்னா எழுதி முடிச்சுட்டுத்தான்டா கடுதாசி போடணும். அவன் நாளைக்கே "மீதிய அனுப்பு"ன்னு கேட்டா இன்னா அனுப்புவ, கடுக்காயா? பிள்ள பொறக்கறதுக்கு முன்ன பேரு வைக்காதன்னு உங்க ஆயா சொல்லியிருப்பாளே. அந்தக் கடுதாசிய மடிச்சு எரவாணத்துல சொருகிட்டு ஊட்டுக்குப் போ. கெழவன் சாட்சி சொன்னானா இல்லியான்னு எழுதி முடி. முடிச்சுட்டுத் தூக்கிக்கினு வா, கடுதாசிய நானே தபால்ல சேர்க்கறேன். எனக்குப் பதினஞ்சு பர்சென்ட். மச்சாண்டாரா என்ன வச்சு எழுதியிருந்தா இருவது.