சிம்பாங் பூலாய்க் கொடுக்கல் வாங்கல்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

1982இல் மலேசியப் பிரதமர் மகாதீர் கிழக்கை நோக்கச் சொன்னார். அப்படி நோக்கி ஜப்பானியம் படிக்கப் போன நம் பிள்ளைகள் முதலில் இடறி விழுவது எங்கே என்பதை அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. 'கொடு' என்ற வினையில்தான் என நிறுவுவதே இவ்வாய்வு. களம், சிம்பாங் பூலாய் ஒட்டுக்கடை. ஆய்வு நிதி, ஒரு தே தாரே.

நான் பிறருக்குக் கொடுத்தால் அகேரு. பிறர் எனக்குக் கொடுத்தால் குரேரு. மேலிடத்திலிருந்து எனக்கு வந்தால் குதசரு; மேலிடத்துக்கு நான் கொடுத்தால் சஷியகேரு. பூனைக்கு மீன்தலை போட்டால் யரு. (காதில் 'யாரு' என்று விழும்; பதில் சொல்லிவிடாதீர்கள்.) 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இங்கே ஜப்பானியம் காதில் விழுந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவர்கள் கேட்டது பெரும்பாலும் கட்டளைதான்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு எல்லாமே ஒரே 'கிவ்'. நமக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. தன்மைக்கும் முன்னிலைக்கும் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலேயே பிரித்துவிட்டார். எனக்குத் தந்தால் குரேரு, அவனுக்குக் கொடுத்தால் அகேரு. பாதிப் பாடம் முடிந்தது. (தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு வாதாடினார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த வழக்கில் நாம் சாட்சிக்கூண்டு ஏறப்போவதில்லை.) ஓட்டையும் உண்டு: 'உனக்குத் தருகிறேன்' என்பதற்கு ஜப்பானியத்தில் குரேரு ஆகாது, அகேருதான்.

உண்மையான சிக்கல் வேறு. என் தம்பிக்கு யாரோ தம்புன் பம்பளிமாஸ் கொடுத்தாலும் குரேருதான். வீட்டாள் நம் பக்கம். ஆனால் ரப்பர்த் தோட்ட லயத்தில் வளர்ந்தவனுக்கு வெளியாள் யார்? கடைக்காரர் அண்ணன், பக்கத்து வீட்டுக்காரி பெரியம்மா, மண்டோர்கூட எப்படியோ மாமா. ஊர் முழுக்க 'நம்ம ஆளு' என்றால் எதைக் கொடுத்தாலும் வந்து சேரும் இடம் நம் பக்கமே. தோட்டத் துரைக்கு எடுத்துக்கொடுத்த ரப்பர் பாலுக்கு மட்டும் சஷியகேரு பொருந்தும். துரை நமக்குக் கொடுத்ததற்குக் குதசரு. இதற்கு உதாரணம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தேர்வெழுதப் போகிறவர்களுக்கு ஒன்று. பொருள் உங்கள் பக்கம் வந்தால் குரேரு, போனால் அகேரு என்று எழுதிவிடுங்கள். ஜப்பானிய முதலாளிக்கு ஏதாவது கொடுக்க நேர்ந்தால் மட்டும் இரண்டும் வேண்டாம். சஷியகேருகூட நேருக்கு நேர் சொன்னால் தர்மம் செய்வதுபோல் ஒலிக்கும். பொருளை இரண்டு கையாலும் நீட்டி, 'தோசோ' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.