ஒழுகுற புல்லட்டுக்கு ஒரு வைத்தியம்

வா மருமகனே, உக்காரு. மொதல்ல அந்த சிகரெட்டை அணை. நீ வர்றதுக்கு முன்னாடியே உன் வண்டியோட பெட்ரோல் வாசம் தெருமுனை தாண்டி வந்துருச்சு. ஊருக்குள்ள செண்டு பூசிட்டு அலையிற பயலுகளப் பாத்திருக்கேன். பெட்ரோல் பூசிட்டு அலையிறவன் நீ ஒருத்தன்தான்.

1992 மாடல் புல்லட்டு. வலது கால்ல கியரு, இடது கால்ல பிரேக்கு. நல்ல வண்டிதான், நான் கொற சொல்லல. வெள்ளக்காரன் 1955-ல நம்ம மெட்ராஸ்காரங்களோட கூட்டுச் சேந்து, திருவொற்றியூர்ல செஞ்சு பழகின வண்டியோட வம்சம். இங்கிலாந்துல அவன் பட்டறையச் சாத்தி அம்பது வருசத்துக்கு மேலாச்சு. நாமதான் விடாமக் கட்டிக்கிட்டு அழுவுறோம். நீ அதுக்கு சைலன்சர் மாத்தின, கண்ணாடி மாத்தின, டேங்குல புலிப்படம் வரஞ்ச. கார்புரேட்டருக்கு ஒரு ரப்பர் வாசர் வாங்க மட்டும் கை வரல. சரிதான், புலிக்கு எதுக்கு வாசரு?

"மாமா, கார்புரேட்டர் போச்சு, புதுசு போடணும்"ங்கிற. எங்கருந்து ஒழுகுதுன்னு பாத்தியா? பாக்க மாட்ட. பாத்தா செலவு கொறஞ்சுரும்ல!

பெட்ரோல் டேப்ப மூடி, கார்புரேட்டரைத் துணியால ஈரமில்லாமத் தொட. அது மேல பவுடர் தூவு. பவுடர் இல்லையா, உங்கம்மா வச்சிருக்கிற திருநீறை எடு. பூசத்தான் சொல்றேன், விழுந்து கும்பிடச் சொல்லல. பெறவு டேப்பத் தெறந்துவிட்டு, எஞ்சினை ஓட்டாம, குத்தவச்சுப் பாரு. எந்த எடம் மொதல்ல நனையுதோ அதுதான் திருடன். ஓஸ் முனையா? கிளிப்பும் ஓசும் மாத்து. டேப்போட கழுத்தா? உள்ள இருக்கிற ரப்பர் காஞ்சிருச்சு. அடிக்கிண்ணம் சேர்ற எடமா? பேக்கிங் போச்சு. இதுக்கெல்லாம் புது கார்புரேட்டர் வாங்குறவன் கையில, உங்க தாத்தா சொத்து எத்தன நாளைக்குத் தங்கும்னு யோசிச்சுக்க.

அடியில தொங்குற ஓவர்ஃப்ளோ ஓஸ்ல சொட்டுச்சுன்னா மட்டும் சங்கதி உள்ள இருக்கு. உன் வீட்டு மாடித் தொட்டியில ஒரு பந்து மெதக்குதுல்ல, தண்ணி நெறஞ்சதும் மேல வந்து கொழாய அடைக்கும். அதே சோலியத்தான் இங்க ப்ளோட்டு பாக்குது. பெட்ரோல் ஏற ஏற அது மேல வந்து, ஒரு சின்ன ஊசியத் தூக்கி, பெட்ரோல் வர்ற துவாரத்தோட சீட்டுல அழுத்தும். நடுவுல ஒரு துரும்பு துரு சிக்கினாப் போதும், அடைக்காது. அந்தத் துரு எங்கருந்து வருதுங்கிற? புலிக்கு உள்பக்கம்! டேங்குக்கு வெளிய பெயிண்டு அடிச்சவன் உள்ள எட்டிப் பாத்தானா?

ஸ்க்ரூ டிரைவரோட பிடிக்கட்டையால கிண்ணத்துல லேசா ரெண்டு தட்டு தட்டு. சிக்கினது சில சமயம் விழுந்துரும். லேசான்னேன், சுத்தியல எடுக்காத. நிக்கலையா, டேப்ப மூடி, பெட்ரோலை வடிச்சுட்டு, கிண்ணத்தைக் கழட்டு. ஊசியை எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாரு. மூக்குல சுத்திவர ஒரு கோடு விழுந்திருக்கும். நகத்தால வருடினா நகம் தட்டும். தட்டுச்சுன்னா அது முடிஞ்ச கதை. கடையில கேக்கும்போது ப்ளோட் ஊசின்னு தெளிவாக் கேளு. வெறும் ஊசின்னு கேட்டா, ஆக்சிலேட்டர் முறுக்கினா மேல போயிட்டு வருமே, அந்த நீள ஊசியக் குடுப்பான். நீயும் ரெண்டுல நீளமானது லாபம்னு வாங்கிட்டு வந்துருவ.

ப்ளோட்டைக் காதுகிட்ட ஆட்டு. உள்ள சலசலன்னா ஓட்டை, பெட்ரோல் குடிச்சிருக்கு. சந்தேகமா இருந்தா அடுப்புலருந்து எறக்கித் தூரமா வச்ச சுடுதண்ணியில அமுக்கு. ஓட்டை இருக்கிற எடத்துல கொமுழி வரும். குடிச்சதை வெயில்ல காயவச்சு மறுபடி போடாத, திரும்பக் குடிக்கும். எனக்கு அந்த விசயத்துல அனுபவசாலிக நெறையப் பேரத் தெரியும்.

பேக்கிங்குக்குப் பதிலா சிலிக்கான் பசையப் பிதுக்கிப் பூசுறானுக பாரு, அவனுகளக் கோயில் மாட்டோட கட்டிப்போடணும். பெட்ரோல் பட்டா அது ஊறி, பிஞ்சு, பெட்ரோல் போற ஜெட்ல போய் உக்காந்துக்கும். ஜெட் அடைச்சா கம்பிய விட்டுக் குடையாத, துவாரம் பெருசாயிரும். காத்தடிச்சு ஊது. கிண்ணத்து ஸ்க்ரூவ மிருகபலத்தோட முறுக்காத. அது மெத்துனு இருக்கிற உலோகம், மரை போயிரும். உன் வீரத்த கிக்கர்ல காட்டு.

இப்ப பெட்ரோல்ல நூத்துக்கு 20 பங்கு எத்தனால் கலந்து வருது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். அதனால எத்தனாலுக்குத் தாங்குற ஓசும் வாசரும் கேட்டு வாங்கு. வண்டி ரெண்டு வாரம் நிக்கப்போகுதுன்னா கிண்ணத்த வடிச்சு வை.

இன்னொண்ணு. ராத்திரி டேப்ப மூடாம விடுறல்ல? ஊசி அடைக்கலைன்னா பெட்ரோல் மண்ணுக்கு மட்டும் போகாது, எஞ்சினுக்குள்ளயும் எறங்கும். ஆயிலோட சேந்து ஆயிலைத் தண்ணியாக்கும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாரு. பெட்ரோல் வாசம் அடிச்சா ஆயிலை மாத்தாமக் கிக்கர்ல காலை வைக்காத. சூடான எஞ்சின் மேல சொட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. உன் சிகரெட்டு சொல்லும்.

புது ஊசி, புது பேக்கிங், நல்ல ப்ளோட்டு எல்லாம் போட்டும் சொட்டுச்சுன்னா சீட்டே தேஞ்சுபோயிருக்கலாம். அப்ப மட்டும் புது கார்புரேட்டர் வாங்கு. துட்டு இல்லைன்னு மூஞ்சியத் தூக்காத. அந்த சைலன்சரைக் கழட்டிப் போட்டுட்டுப் பழசை மாட்டுறேன்னு சொல்லு, நம்ம தெருவே வசூல் பண்ணி உனக்குக் கார்புரேட்டர் வாங்கிக் குடுக்கும்.