பனியில் அகப்பட்ட தம்பி

ஜெர்மாட், சுவிட்சர்லாந்து
24 ஜனவரி 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே உங்கள் தம்பி சுகம். டி.வி.யைப் பார்த்துவிட்டு மைனி நம் காரோட்டிலிருந்து ஜெர்மாட்டுக்குப் போன் போட்டுப் பதறியதற்கு அவசியமே இல்லை. பனியில் புதைந்தது ரோடும் ரயில் பாதையும்தான். தம்பி ஹோட்டல் அடுக்களையில் பத்திரமாக உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெங்காயம் அரிந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். 1983-க்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்த ஈழத் தமிழர்கள் எத்தனையோ ஹோட்டல் அடுப்புகளை அணையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே 4,478 மீட்டர் மாட்டர்ஹார்ன் மலை. பெட்ரோல் வண்டிக்கு ஊருக்குள் அனுமதி கிடையாது. கோடீஸ்வரன் ஆனாலும் 5 கிலோமீட்டர் கீழே டேஷில் காரை விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். நம்மூர்ப் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகிற தூரத்தில் பாதிதான். அந்தப் பாதி தூரம் அடைத்துக்கொண்டால் ஊர் தனித் தீவு.

இந்த மாதம் 9-ஆம் தேதி வாக்கில் அடைத்துக்கொண்டது. சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் உள்ளே. அவசரக்காரர்கள் ஹெலிகாப்டருக்கு வரிசை கட்டினார்கள். சில நிமிடப் பறத்தலுக்கு ஆளுக்கு 70 பிராங்க். நம்மூர்க் காசுக்கு 4,500 ரூபாய்க்கு மேல். மற்றவர்களோ ஊரடைப்பையே கொண்டாட்டமாக்கிவிட்டார்கள். நம்மூரில் கரண்ட் போனால் ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டுவோம். இங்கே மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்தால், சாப்பாட்டுக்கு அழகு கூடிவிட்டது என்று ஐரோப்பியத் தம்பதிகள் சொக்கிப்போகிறார்கள்.

ரயில் மறுபடி ஓடி ஊர் மூச்சுவிட்டதும் போன வாரம் இரண்டாவது சுற்று. விடாமல் கொட்டியது. திங்கட்கிழமை, ஜெர்மாட் இருக்கும் வாலே மாநிலத்தின் பெரும்பகுதிக்கும் பனிச்சரிவு ஆபத்து ஐந்தாம் படி என்று அறிவித்தார்கள். ஆறாம் படி என்று ஒன்று கிடையாது. இவ்வளவு பரந்த பகுதிக்கு ஐந்து போட்டது 1999-க்குப் பிறகு இப்போதுதான்.

அந்தப் படியை முடிவு செய்வது டாவோஸில் இருக்கும் பனி ஆராய்ச்சி நிலையம். குளிர்காலம் முழுக்க மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் நான்கு மொழிகளில் அறிக்கை வரும். புதுப்பனி எவ்வளவு, காற்று அதை எந்தச் சரிவில் கொண்டுபோய்க் குவித்தது, அடியில் பழைய அடுக்கு பிடிமானமில்லாமல் கிடக்கிறதா என்றெல்லாம் பார்த்துக் கணிக்கிறார்கள். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவில் அடியடுக்கு விட்டுக்கொடுத்தால் மேலே உள்ளதெல்லாம் பலகையாகப் பிளந்து இறங்கிவிடும்.

அது தானாக இறங்குகிறவரை இவர்கள் காத்திருப்பதில்லை. வானம் தெளிந்ததும் ஹெலிகாப்டரிலிருந்து வெடி போட்டு, ஆளில்லாத நேரத்தில் சரித்துவிடுகிறார்கள். போனில் அந்த 'டும்' கேட்டுத்தான் மைனி, "அங்கே எந்தக் கோயிலில் வெடி வழிபாடு?" என்று விசாரித்தது.

இந்தக் கவனம் சும்மா வந்ததில்லை, அண்ணா. 1951 குளிர்காலத்தில் பனிச்சரிவுகள் இந்த நாட்டில் 98 பேரை விழுங்கின. அதன்பிறகுதான் மலைச்சரிவுகளில் இரும்பு வேலிகள் வரிசை வரிசையாக ஏறின. 1999-இல் மறுபடி பெரும்பனி. 17 பேர் போனார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1397-இல், ஆண்டர்மாட் ஊர்க்காரர்கள் தங்கள் தலைக்கு மேலுள்ள காட்டில் ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். காடு நின்றால் பனி நிற்கும் என்ற கணக்கு. இந்த முறை ஜெர்மாட்டில் ஓர் உயிரும் போகவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒக்கிப் புயல் ஞாபகம் வராமல் இருக்குமா? போன நவம்பர் 30-ஆம் தேதி எச்சரிக்கை வந்தபோது நம் கரையோரத்துப் பூவாறு, பொழியூர், தூத்தூர் படகுகள் பலவும் ஆழ்கடலில் இருந்தன. ரேடியோ எட்டாத தூரத்தில் நிற்பவனுக்கு எந்தப் படியை அறிவித்து என்ன? இங்கே ஸ்கீ விளையாட வந்தவனுக்கு முந்தைய நாள் மாலையே சேதி கிடைக்கிறது. அங்கே சாளைக்கும் சூரைக்கும் போனவனுக்குக் காற்றே வந்து சொல்ல வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் மட்டும் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிப்புக்கு டாவோஸ் இருக்கிறது. உலகப் பொருளாதார மாநாட்டுக்கு வந்த பெரிய மனிதர்கள் முழங்கால் பனியில் பளபளக்கும் தோல் ஷூவோடு தடுமாறினார்கள். நேற்று நம் பிரதமர் மோடி அங்கே இந்தியில் பேசினார். 1997-இல் தேவகவுடா வந்துபோன பிறகு அந்த மாநாட்டுக்கு வரும் இந்தியப் பிரதமர் இவர்தான். உலகத்துக்கு முதல் ஆபத்தாக அவர் சொன்னது பருவநிலை மாற்றம். பூமி சூடாகிறது என்று உள்ளே பேச்சு, வெளியே மண்வெட்டியோடு பனி அள்ளும் ஆட்கள்.

இங்கே காலையில் யாரைப் பார்த்தாலும் "ராத்திரி எத்தனை சென்டிமீட்டர்?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டுத் தம்பிக்குக் காது புளித்துவிட்டது. அடுத்த முறை பேசும்போது ரப்பர் ஷீட் விலையைச் சொல்லுங்கள். மரச்சீனி வற்றல் அனுப்புவதாக மைனி சொன்னதையும் ஞாபகப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
தம்பி